அரிசி உரிமை, அரிசி மட்டுமே உணவல்ல

முக்கூடல் பக்கம் நம் பெண்களுக்குத் தெரிந்த வேலைகள் இரண்டு. ஒன்று வயலில் நடவு, களையெடுப்பு. மற்றொன்று சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவது. வயல் வேலை சுருங்கச் சுருங்கப் பீடியே நிலைத்துவிட்டது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த உடம்பு இன்று நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. இடையில் பசிக்கு டீயும் பன்னும், இரவில் பரோட்டா. நாற்பது வயதிலேயே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள்.

இவற்றைப் பணக்கார வியாதி என்று சொன்ன காலம் போய்விட்டது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. கூலி வீட்டில் இந்த நோய் ஒருவரோடு நிற்பதில்லை. கால் புண் ஆறாவிட்டால் கூலி போகிறது. பின்னாலேயே பிள்ளையின் படிப்பும் போகிறது.

அரிசிச் சோறு நமக்கு எளிதாகக் கிடைத்ததல்ல. முக்கூடற்பள்ளு எத்தனையோ நெல் வகைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அவற்றை விளைவித்த நம் முன்னோர் வீட்டில் கஞ்சியும் கேப்பைக் கூழும்தான் இருந்தன. ஆகவே 2011 ஜூன் முதல் ரேஷனில் இலவசமாகக் கிடைக்கும் அரிசியை யாரும் இளக்காரமாகப் பேச நாம் அனுமதிக்க முடியாது. அது உரிமை. ஆனால், தவிடு நீங்கிய வெள்ளை அரிசியால் மட்டுமே வயிற்றை நிரப்புவது உடம்புக்குச் செய்யும் தீங்கு.

சோற்றோடு முன்பு என்ன இருந்தது? வரப்புக் கீரை, வயல் நண்டு, நத்தை, ஆற்று மீன். பூச்சிமருந்து பலவற்றை அழித்தது. மிஞ்சியதைச் சாதி ஏளனம் பறித்தது. மாட்டுக்கறியையும் கருவாட்டையும் சொல்லி நம்மைக் கேலி செய்தார்கள். நாமும் கூசி, பாக்கெட் தின்பண்டங்களைக் கௌரவம் என்று நினைத்தோம். குறைந்த விலையில் கிடைக்கும் புரதத்தை உண்ண வெட்கம் எதற்கு? கருவாட்டை நன்றாக அலசி உப்பைக் குறைத்தால் போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரையும் பயறும் ஒரு கரண்டி கூட்டுவோம். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு சிறு தேக்கரண்டி, போதும். டீக்கு 2 கரண்டி வீதம் 5 டீ குடித்தால் ஏறக்குறைய 50 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. அதில் பாதிக்குள் நிற்பதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாணவர்கள் சத்துணவு முட்டையை ஒதுக்கக் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வரும்போது தாத்தா, பாட்டியைப் பரிசோதனைக்கு உட்கார வைக்க வேண்டும்.

ஆனால், சொந்த நிலமும் கொல்லையும் இல்லாதவர்களிடம் காய்கறி உண்ணுங்கள் என்று அறிவுரை மட்டும் சொல்வது நியாயமல்ல. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 மே முதல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு ரேஷனில் தரப்பட்டது. அதை நெல்லைக்கும் கொண்டுவர வேண்டும். துவரம் பருப்பு மாதந்தோறும் தட்டாமல் கிடைக்க வேண்டும். அரிசியை உரிமையாகப் பெற்ற நாம், பருப்பையும் கேப்பையையும் அதே உரிமையோடு கேட்போம். அடுத்த கிராமசபையில் இது நம் தீர்மானமாகட்டும்.