கற்றாழைச் சரக்கு உடம்புக்கு நல்லதுங்களா?

1/ கோயம்புத்தூர் பார்ட்டிகள்ல இப்ப ஒரு பேச்சு: "மெஸ்கால் கற்றாழையில செய்யறதுங்க டாக்டர், குளிர்ச்சி, ஒண்ணும் பண்ணாது." பண்ணுமுங்க.

2/ நீங்க நினைக்கிறது சோத்துக் கற்றாழை. மெஸ்காலுக்கான அகேவ், நம்மூர் ரயில் பாதையோரம் நிக்கிற ஆனைக் கற்றாழையோட இனம். ரெண்டும் வேற வேற செடி. அதோட நடுப்பகுதியைச் சுட்டு, புளிக்க வச்சு, காய்ச்சி வடிச்சா வர்றது சாராயம்தான்.

3/ இப்ப கணக்கு. நெக்ரோனின்னா ஜின், கம்பாரி, ஸ்வீட் வெர்மூத், ஒவ்வொண்ணும் 30 மி.லி. ஜின்னுக்குப் பதிலா மெஸ்கால் ஊத்தினா புகை வாசம் வரும். ஆல்கஹால் குறையாது: சுமார் 19 கிராம். அதாவது, 30 மி.லி. விஸ்கி ரெண்டு பெக்.

4/ 65 கிலோ ஆண் வெறும் வயித்துல குடிச்சா, ரத்தத்துல 100 மி.லி.க்குத் தோராயமா 40 மி.கி. வரை ஏறலாம். வண்டி ஓட்ட சட்டம் விடுறது 30 மி.கி. அதே எடையுள்ள பெண்ணுக்கு இன்னும் ஏறும். "ஒரு கிளாஸ்தானே"ன்னு அவிநாசி ரோட்டுல காரை எடுத்தா, ஊதச் சொன்னா மாட்டுவீங்க. மாட்டலைன்னா இன்னும் மோசம், எதிர்ல வர்றவங்களுக்கு.

5/ டாஸ்மாக் வாசல்ல குவாட்டரோட நிக்கிறவரைப் பார்த்து மூஞ்சி சுளிக்கிறோம். கையில கிரிஸ்டல் கிளாஸ் இருந்தா அது ரசனையாம்! கல்லீரல் பாட்டில் விலை பார்க்காதுங்க. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குறவைன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லயே வகைப்படுத்திருச்சு. பாதுகாப்பான அளவுன்னு எதுவுமே இல்லைன்னு 2023ல அந்த நிறுவனமே சொல்லிருச்சு.

6/ குடிக்கிறதும் விடுறதும் உங்க முடிவு. ஆனா மூலிகைன்னு பேர் வைக்காதீங்க. குடிச்சா சாவியைத் தொடாதீங்க.