நாலு திரெட்... ஒரே மைக்!

பைத்தான்ல நாலு திரெட் போட்டா புரோகிராம் நாலு மடங்கு பறக்கும்னு நம்புறீங்களா? ஸாரி பாஸ்! உள்ளே ஜி.ஐ.எல்.னு ஒரு பூட்டு இருக்கு. பட்டிமன்றத்துல ஒரே மைக் மாதிரி. மேடையில எத்தனை பேர் இருந்தாலும் மைக் வெச்சிருக்கிறவர்தான் பேச முடியும். நெட்ல ஃபைல் இறக்குறப்போ கவலையில்ல. காத்திருக்கிற திரெட் மைக்கை அடுத்தவருக்குக் கொடுத்துடும். ஆனா, பைத்தான்லயே பகா எண் தேடுற மாதிரி கணக்குன்னா, திரெட் வேஸ்ட்! அங்கே மல்டிபிராசஸிங்தான் கைகொடுக்கும். ஆளுக்கொரு மைக், என்ன, மெமரியை அள்ளித் தின்னும்.

பூட்டில்லாத பைத்தான் 2024-ல 3.13-ல பரிசோதனையா வந்து, 2025-ல 3.14-ல அதிகாரபூர்வ ஆதரவும் வாங்கிடுச்சு. ஆனா, அதைத் தனியா இன்ஸ்டால் பண்ணணும். உங்க லேப் கம்ப்யூட்டர்ல எது இருக்குன்னு பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. 'திரெட் போட்டும் ஏன் ஸ்பீடு ஏறலை?'னு எக்ஸ்டர்னல் கண்டிப்பா கேட்பார்!