கன்னை விட்டதும் கொதிக்கும் பம்ப்

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் ஏழு கறவை மாடுகள். கட்டுத்தரை கழுவவும், அக்கம்பக்கத்து டிராக்டர்களை வாடகைக்கு வாட்டர் சர்வீஸ் செய்து கொடுக்கவும் பெட்ரோல் எஞ்சின் வைத்த பிரஷர் வாஷர் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். ஒன்றரை வருஷத்தில் இரண்டு முறை பம்ப் சீல் மாற்றியாகிவிட்டது. மூன்றாவது முறை மெக்கானிக், "சீல் போட்டுப் பிரயோஜனமில்லை, பம்பையே மாத்தணும்" என்றாராம். பால் பணத்தில் இரண்டு மாதத் தொகை அதற்கே போய்விடும். "கழுவும்போது ஒன்றும் ஆவதில்லை. மாட்டை அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டு வருவதற்குள் பம்ப் தொட முடியாதபடி சுடுகிறது. எஞ்சினை ஒவ்வொரு முறையும் நிறுத்தி இழுத்து ஸ்டார்ட் செய்ய என்னால் முடியவில்லை. இதற்கு வழி உண்டா?" என்பது கேள்வி.

வழி உண்டு. அந்த வழி அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கவும் கூடும். மருந்தடிக்கும் எச்.டி.பி. ஸ்பிரேயரில் ஒரு ரிட்டன் ஓஸ் இருக்குமே, கன்னை மூடியதும் மீதி மருந்துத் தண்ணீரைத் திரும்ப டிரம்முக்கே கொண்டுவந்து கொட்டும். அந்த ஸ்பிரேயரைக் கன் மூடியபடி பத்து நிமிடம் ஓடவிட்டாலும் பம்ப் கொதிப்பதில்லை. பிரஷர் வாஷரில் அந்த ரிட்டன் டிரம்முக்கு வராமல் பம்பின் வாய்க்கே திரும்பிப் போகிறது. கோளாறு அங்கேதான்.

கன்னை விட்டதும் தண்ணீர் வெளியேற வழியில்லை. எஞ்சினோ ஓடுகிறது, பிளஞ்சர் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பம்ப் வெடிக்காமல் இருக்க அன்லோடர் வால்வு திறந்து, தண்ணீரை இன்லெட் பக்கமே திருப்பிவிடுகிறது. பம்புக்குள் சுற்றுவது அதே அரை லிட்டர் சொச்சத் தண்ணீர்தான். பைபாஸில் ஓடும்போது அரை கிலோவாட் சக்தி மட்டும் சூடாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அரை லிட்டர் தண்ணீர் நிமிடத்துக்குச் சுமார் 14 டிகிரி ஏறும். 30 டிகிரியில் இருந்த தண்ணீர் இரண்டு நிமிடம் கடந்ததும் 60 டிகிரியைத் தொடும். பம்பின் உலோகம் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், அதனால் இன்னும் சிறிது நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ரப்பர் சீல் இறுகி வெடிக்கும். சூடான தண்ணீரில் ஆவிக்குமிழி உண்டாகி வால்வுகளையும் அரிக்கும். அதன் பிறகு தண்ணீர் ஆயில் அறைக்குள் இறங்கும். ஆயில் கண்ணாடியில் மோர் போல வெளுத்துத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

அதே அரை கிலோவாட் சூடு 200 லிட்டர் டிரம்முக்குள் போனால் பத்து நிமிடத்துக்கு அரை டிகிரிகூட ஏறாது. மாற்ற வேண்டியது இவ்வளவுதான்: பைபாஸ் தண்ணீரை டிரம்முக்குத் திருப்ப வேண்டும், பம்ப் டிரம்மிலிருந்து உறிஞ்ச வேண்டும்.

முதலில் அன்லோடர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது தனிப் பித்தளைக் கட்டையாக வெளியே இருந்து, அதிலிருந்து ஒரு சிறு ஓஸ் பம்ப் இன்லெட்டுக்குப் போனால் வேலை சுலபம். எஞ்சினை நிறுத்தி, தண்ணீரை மூடி, கன்னை அழுத்தி உள்ளிருக்கும் பிரஷரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அந்தச் சிறு ஓஸைக் கழற்றி, இன்லெட் பக்கத்து ஓட்டையைத் த்ரெட் டேப் சுற்றிய பிளக் போட்டு இறுக அடைக்க வேண்டும். அங்கே சிறு காற்றுக்கசிவு இருந்தாலும் பம்ப் ஏர் பிடித்துத் திக்கித் திக்கி ஓடும். அன்லோடர் பக்கத்தில் புது ஓஸ் மாட்டி டிரம்முக்குக் கொண்டுபோகலாம். இது பிரஷர் குறைந்த பக்கம் என்பதால் நூல் வைத்த சாதாரண ஓஸ் போதும். ஆனால் அதன் துவாரம் பழைய ஓஸைவிடக் குறுகக் கூடாது, எங்கேயும் மடங்கக் கூடாது. "தேவைப்பட்டால் மூடிக்கொள்ளலாம்" என்று அந்த வழியில் யாராவது ஒரு கேட் வால்வு வைத்தால் அது ஆபத்து. மறந்து மூடியபடி கன்னை விட்டால் பிரஷர் போக இடமிருக்காது.

டிரம் பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். நான்கு சிமென்ட் கல் அடுக்கி வைத்தால் தண்ணீர் தானாக இறங்கி வரும். பம்புக்குப் போகும் ஓஸ் முக்கால் அல்லது ஒரு அங்குலத்தில், குட்டையாக, வடிகட்டியோடு இருக்க வேண்டும். டிரம்மின் அடியிலிருந்து நான்கு விரல் மேலே எடுத்தால் மண்டி ஏறாது. ரிட்டன் ஓஸின் முனை அதற்கு எதிர்ப்பக்கம், தண்ணீருக்குள் அமிழ்ந்து இருக்கட்டும். மேலிருந்து கொட்டினால் நுரைத்து, அந்தக் காற்றைப் பம்ப் உறிஞ்சும்.

டிரம் வற்றவும் விடக் கூடாது. தண்ணீரில்லாமல் ஓடுவது சூட்டைவிட மோசம். நிமிடத்துக்கு 12 லிட்டர் தள்ளும் மெஷின் 200 லிட்டரைப் பதினேழு நிமிடத்துக்குள் காலி செய்துவிடும். மிதவை வால்வு வைத்து மேல்தொட்டிக் குழாயை டிரம்மில் இணைத்துவிடலாம். அந்தக் குழாயில் 15 லிட்டர் பக்கெட் ஒரு நிமிடத்தில் நிரம்பினால் போதும். மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்தில் மேல்தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டால் கழுவும் வேலைக்குக் கரண்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. டிரம்முக்கு நிழல் அவசியம். பல சிறிய மெஷின்களுக்கு உள்ளே வரும் தண்ணீரே 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கையேட்டில் இருக்கும். சித்திரை வெயிலில் கறுப்பு டிரம் அதைச் சுலபமாகத் தாண்டும்.

அன்லோடர் பம்ப் தலைக்குள்ளேயே அடங்கியிருந்தால் இந்த மாற்றம் முடியாது. துளை போட்டுப் பார்க்கவும் கூடாது. அத்தகைய பம்பில் தெர்மல் வால்வு என்ற சிறு பித்தளை உறுப்பை இன்லெட் பக்கம் பொருத்தலாம். பலவற்றில் கம்பெனியே வைத்திருக்கும். தண்ணீர் 60 டிகிரி வாக்கில் வந்ததும் அது திறந்து சூட்டுத் தண்ணீரைக் கீழே விடும், குழாயிலிருந்து குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும். குழாய்த் தண்ணீர் அழுத்தத்தோடு வந்தால்தான் இது சரியாக வேலை செய்யும். மெஷின் ஒழுகுகிறது என்று நினைத்து இந்த வால்வைக் கழற்றிவிட்டு அங்கே போல்ட் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. வாசகியின் மெஷினிலும் யாராவது அப்படிச் செய்திருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பது நல்லது. புது பம்ப் போட்டாலும் அந்தப் போல்ட் அங்கேயே இருந்தால் மறுபடி சீல்தான் போகும்.

எஞ்சின் வேகத்தைக் குறைத்து வைப்பது சூடேறுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. எந்த மாற்றமும் செய்யாத வரை, அரை நிமிடத்துக்கு ஒருமுறை கன்னை அழுத்திப் புதுத் தண்ணீர் உள்ளே வரவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால் எஞ்சினை நிறுத்துவதே சிக்கனம். வாரண்டி காலத்தில் இருக்கும் மெஷினானால், கை வைக்கும் முன் விற்றவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மருந்து கலக்கிய டிரம்மை எவ்வளவு கழுவியிருந்தாலும் இதற்கு எடுக்கக் கூடாது. தரையில் தெளித்ததை மாடு நக்கும்.

அதே கடிதத்தில் இன்னொரு சிறு கேள்வி: "எச்.டி.பி. ஸ்பிரேயரையே வைத்துக் கட்டுத்தரை கழுவலாமா?" சாணம் காய்வதற்குள் கழுவினால் அந்தப் பிரஷரே தாராளம். ஆனால் மருந்துக்குப் பயன்பட்ட ஸ்பிரேயர் வேண்டாம், ஓஸுக்குள்ளும் பம்புக்குள்ளும் மிச்சம் இருக்கும். மாட்டின் மடியிலும் கண்ணருகிலும் எந்த பிரஷர் கன்னையும் நீட்ட வேண்டாம், அங்கே சாதாரணக் குழாயும் கையும் போதும். கையிலோ காலிலோ பிரஷர் வாஷர் நீர் பட்டு ஊசி குத்தியது போலச் சிறு துளை விழுந்தால், வலி இல்லையென்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.