குளிரில் உறங்கும் லொறி

கற்பிட்டித் தீபகற்பத்திலே கடலோரமாக அமைந்துள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் ஓகஸ்டிலும், பெருந்திருவிழா நடைபெறுவதை நேயர்கள் அறிவார்கள். நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து, மணலிலே கூடாரமடித்துத் தங்குவார்கள். சைவனாகிய நானும், என் பழைய மாணவர் பலர் அவ்வூர்ப் பக்கத்தவராதலால், ஓகஸ்ட் விழாவுக்குப் போய் அவர்களுடைய வீடுகளில் ஒருவேளை உணவருந்தி வருவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

சென்றமுறை போயிருந்தபோது, நுவரெலியாவிலிருந்து அடியார்களை ஏற்றிவந்த லொறி ஒன்று தென்னை மரத்தடியில் நின்றது. சாரதி ஏறி அமர்ந்து திறப்பைத் திருப்பியதுதான் தாமதம். எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இங்கே இது நல்ல பிள்ளை, சேர். தை மாதத்துக் காலையிலே எங்கள் ஊரில் பார்க்க வேண்டும். அதற்காகவே மாலையில் சரிவான இடம் தேடி, முகம் கீழே பார்க்க நிறுத்தி வைப்பேன். முன்பக்கத்தைச் சாக்கினால் மூடியும் விடுவேன்” என்றார்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். இப்பொழுது கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் பெரிய லொறி ஓட்டுகிறான். “சேர், போன மாரியில் ஒருநாள் மகனுடைய லொறி ஸ்டார்ட் வராமல் வெளியில் நின்றுவிட்டானாம். முப்பது பாகை குளிர் என்றான். நான் முப்பது என்றால் நம்முடைய ஊர் வெயில் போல என்று நினைத்துவிட்டேன். பூச்சியத்துக்குக் கீழே முப்பது என்று பிறகுதான் மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். புது லொறிதானே, அது ஏன் அப்படிச் செய்கிறது? என் பிள்ளைக்கு ஆபத்து வருமா?” என்று கேட்டார்.

அந்த மணலில் இருந்துகொண்டு நான் அவருக்குச் சொன்னதையே, இம்மாதம் இப்பகுதியில் சற்று விரித்து எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் பலருக்கும், இயந்திரக் கல்வி பயிலும் மாணவருக்கும் இது பயன்படக்கூடும்.

பெற்றோல் எஞ்சினில் ஒரு தீப்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினில் அந்தப் பொறி இல்லை. ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் 1897இல் ருடோல்வ் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவம், காற்றை அமுக்கினால் அது சூடேறும் என்பதே. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்த சிறுவனுக்கு இது தெரியும். டீசல் எஞ்சினின் உருளைக்குள் காற்றானது ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு அளவுக்குள் நெருக்கப்படுகிறது. அப்பொழுது அதன் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கும் மேலே போய்விடும். அந்தக் கொதிக்கும் காற்றிலே டீசலைத் தூவினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே வெப்பம் ஒன்றே இதற்குத் தீக்குச்சி.

இனி, பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகையில் இரவு முழுவதும் வெளியில் நின்ற லொறியை எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள எஞ்சினின் இரும்பு முழுவதும் அதே குளிரில் இருக்கிறது. அமுக்கத்தினால் பிறக்கும் வெப்பத்தை அந்த இரும்புச் சுவரே உறிஞ்சிக் குடித்துவிடுகிறது. அடுத்ததாக, எஞ்சின் ஒயில் பாகுபோலத் தடித்துவிடுவதால் எஞ்சினைச் சுழற்றுவதற்கு வழக்கத்திலும் அதிக வலு தேவைப்படுகிறது. அந்த வலுவைத் தரவேண்டிய பற்றரியோ, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை அளவிலேயே தன் ஆற்றலில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடுகிறது. மெதுவாகச் சுழலும் எஞ்சினில் காற்றும் போதிய அளவு சூடாவதில்லை. வேலை கூடும் நேரத்தில் வேலையாள் நோயில் விழுந்த கதைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக எரிபொருளே காலை வாரிவிடும். இதை அந்த அம்மாவுக்கு விளக்கத் தேங்காயெண்ணெய் எனக்குக் கைகொடுத்தது. தலவிலையில் போத்தலில் எப்பொழுதும் தண்ணீர்போல் இருக்கும் தேங்காயெண்ணெய், ஆறாயிரம் அடிக்கும் மேலே உள்ள நுவரெலியாவில் விடியற்காலையில் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும். சூடுகாட்டித்தான் தலையில் வைக்க வேண்டும். டீசலுக்குள்ளும் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அந்த மெழுகு சிறு சிறு படிகங்களாகப் பிரிந்து எண்ணெய் கலங்கும். பின்னர் களிபோல் இறுகும். முழுவதும் இறுக வேண்டும் என்பதுகூட இல்லை. கலங்கத் தொடங்கியதுமே அம்மெழுகு வடியில் படிந்து வழியை அடைத்துவிடும். தாங்கி நிறைய டீசல் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்கும்.

இந்தத் தொல்லை பனி நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் லடாக் மலைநாட்டில் மாரிக்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகையளவுக்கும் இறங்குவதுண்டு. சென்னையில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1955 முதல் அசோக் லேலண்ட் என வழங்கும் நிறுவனத்தின் இராணுவ லொறிகள் அம்மலைப் பாதைகளில் ஓடுகின்றன. தமிழ்நாட்டின் வெயிலிலே பிறந்த நிறுவனத்தின் வண்டி இமயத்தின் பனியிலே எழுந்து நடமாட வேண்டியிருக்கிறது! அப்படிப்பட்ட குளிர்ப்பகுதிகளில் காலையில் எண்ணெய்த் தாங்கியின் கீழே நெருப்பு மூட்டி டீசலை இளக்கும் துணிகர வழக்கம் சாரதிகளிடையே இருந்ததுண்டு. 2019 நவம்பரில் இந்தியன் ஒயில் நிறுவனம், பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த மாரிக்கால டீசலை லடாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகை வரையில் உறையாது ஓடக்கூடியது. நெருப்பினால் காலையில் தீர்க்க முயன்ற சங்கடத்தை, ஆலையிலேயே முன்கூட்டித் தீர்த்துவிட்டார்கள்.

நான் வற்புறுத்த விரும்பும் கருத்தும் இதுவே. குளிர்நாட்டில் லொறியைக் காலையில் எழுப்பும் வேலை முதல்நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் செய்யக்கூடியது கொஞ்சம். மாலையில் செய்யக்கூடியது மிகுதி. நுவரெலியாச் சாரதி சரிவு தேடி நிறுத்துவதும் இந்த ஞானத்தினாலேதான்.

கனடாவில் மாலைக் கடமைகள் எவை? எஞ்சினின் உடலோடு பொருத்தப்பட்ட மின்சூடாக்கி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த அன்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949இல் காப்புரிமை பெற்ற சூடாக்கி இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. வண்டியின் முன்புறத்தில் வால்போலத் தொங்கும் மின்கம்பியை, தரிப்பிடத்தில் நாட்டியுள்ள கம்பத்தின் மின்துளையில் செருகிவிட்டால், எஞ்சினைச் சுற்றியுள்ள நீர் இரவெல்லாம் இளஞ்சூடாக இருக்கும். லொறிக்குக் கம்பளி போர்த்தி உறங்க வைப்பது போன்றது அது. அடுத்ததாக, மாரிக்கால டீசலைத் தாங்கி நிறைய நிரப்ப வேண்டும். தாங்கியில் வெற்றிடம் இருந்தால் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, வடியில் பனிக்கட்டியாகிவிடும். உறைவைத் தடுக்கும் மருந்தையும் டீசல் கலங்குவதற்கு முன்பே சேர்க்க வேண்டும். இறுகியபின் ஊற்றினால் பயனில்லை. பற்றரி முழுமையாக மின்னேற்றப்பட்டிருக்க வேண்டும். நிறைந்த பற்றரி கடுங்குளிரையும் தாங்கும். வெறுமையான பற்றரி சில பாகைக் குளிரிலேயே உறைந்து வெடித்துவிடக்கூடும். காற்றினால் இயங்கும் பிறேக்கின் தாங்கிகளில் தேங்கிய நீரை வடித்துவிடவும் வேண்டும். இல்லாவிடின் குழாயில் நீர் உறைந்து, ஓடும் லொறி நிற்காமலும் போகலாம், நிற்கும் லொறி நகராமலும் போகலாம்.

இவ்வளவும் செய்தவனுக்குக் காலை வேலை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். உள்ளே புகும் காற்றைச் சூடாக்கும் கருவி இருந்தால், அதன் விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். கிளட்சை மிதித்துக்கொண்டால், கியர்பெட்டியில் தடித்துக் கிடக்கும் ஒயிலின் பாரம் எஞ்சினுக்குக் குறையும். அரை நிமிடத்துக்கு மேலே விடாது சுழற்றலாகாது. எழவில்லையாயின் இரண்டு நிமிடமாவது ஓய்வு கொடுத்து மீண்டும் முயல வேண்டும். எழுந்ததும் உறுமவிடுதல் பெரும் பிழை. தடித்த ஒயில் மேலேறி எல்லா இடமும் பரவச் சற்று நேரமாகும். அதற்குள் வேகமூட்டினால் இரும்போடு இரும்பு உராய்ந்து தேயும். ஒயிலின் அமுக்கம் சீரானபின், முதற்சில மைல்களை மெதுவாக ஓட்டுவதே எல்லாப் பாகங்களையும் சூடாக்கும் நல்வழி.

அவசரக்காரர் சிலர் ஈதர் என்னும் விரைந்து தீப்பற்றும் திரவத்தைக் காற்றுக்குழாயில் தெளிப்பார்கள். காற்றுச்சூடாக்கி உள்ள எஞ்சினில் அவ்வாறு செய்தால் அது வெடித்து, எஞ்சினையும் ஆளையும் சேதப்படுத்தக்கூடும். கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு நிற்பதும் அத்தகையதே. புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

பொறுமையின் எல்லையை அறிய விரும்புவோர் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தைப் பார்க்கலாம். யெலோநைஃப் நகருக்கு அப்பாலுள்ள சுரங்கங்களுக்கு 1982 முதல் மாரிதோறும் ஒரு பாதை அமைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேலேயே செல்கிறது. ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மாதம் மட்டுமே அது திறந்திருக்கும். பாரமேற்றிய லொறிகள் அந்த ஏரிகளின் மீது பெரும்பாலும் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேற்படாமல் ஊர்ந்து செல்ல வேண்டும். விரைந்தால், பனிப்பாளத்தின் கீழுள்ள நீரில் அலை எழுந்து பாளத்தையே உடைத்துவிடும். அங்கே வேகம் என்பது வெறும் குற்றமன்று, மரணம்.

“அப்படியானால் ஆபத்துத்தானே, சேர்?” என்று அம்மா மறுபடியும் கேட்டார். இல்லையென்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்குளிரில் நடுவழியில் எஞ்சின் நின்றால் ஆசனத்தின் சூடும் அதனோடு நின்றுவிடும். தக்க உடையில்லாத மனிதன் நீண்ட நேரம் தாங்கமாட்டான். ஆகையால் கம்பளி, உணவு, நீர், கைவிளக்கு, மின்னேற்றிய தொலைபேசி ஆகியவை எப்பொழுதும் லொறியில் இருக்க வேண்டும். பனிப்புயலில் நின்றுவிட்டால், உதவி தேடி நடந்து போகாமல் வண்டியிலேயே இருப்பது நலம். வண்டியைத் தேடுவோர் காண்பார்கள், தனியே நடப்பவனைக் காணமாட்டார்கள். எஞ்சினை ஓடவிட்டு இருப்பதாயின், புகைக்குழாயைப் பனி மூடாமல் அடிக்கடி அகற்றிவிடவும் வேண்டும். ஆபத்து உண்டு, ஆயத்தமாக இருப்பவனுக்கு அது வெகுவாகக் குறையும். இதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

அம்மா சற்று யோசித்தார். கடலோடியின் மனைவியல்லவா? “இவன் அப்பா ராத்திரியிலேயே வலையும் மண்ணெண்ணெயும் பார்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பார், சேர். விடியற்காலை தேடினால் கடல் காத்திருக்காது என்பார்” என்றார். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்!

புறப்படும்போது, மகனிடம் என்ன கேட்க வேண்டும் என்று என்னிடம் வினவினார். மாரிக்காலத்தில் அல்பேர்ட்டாவின் கடிகாரம் நம்முடையதைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. தலவிலையில் காலை ஏழு மணியாகும்போது அங்கே முதல்நாள் மாலை ஆறரை. பொழுது சாய்ந்து, லொறியை நிறுத்தும் வேளை.

“சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அதற்கு அடுத்ததாக, லொறிக்குக் கம்பி செருகினாயா என்றும் கேளுங்கள்” என்றேன்.

மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் கேட்கிறாராம். சென்ற வாரம் மகன் எனக்குத் தொலைபேசியில் சொன்னான்: “சேர், அம்மா இப்போது என்னைவிட லொறியைத்தான் கூடுதலாக விசாரிக்கிறா.”