புதுவைக்கென ஒரு திட்டம் வேண்டும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நாட்டிலேயே தற்கொலை விகிதம் மிகுந்திருந்த பகுதி புதுச்சேரி. இலட்சம் பேருக்கு 43.2, தேசியச் சராசரியோ 10.6. 2022இல் புதுவையின் விகிதம் 29.7 ஆகத் தணிந்தது. அப்போதும் அவ்வாண்டின் தேசியச் சராசரியான 12.4ஐப் போல் இரு மடங்குக்கு மேல். இத்தணிவைக் காட்டி ஆறுதல் கொள்ள ஆட்சியாளர் எவருக்கும் உரிமையில்லை.

2022 நவம்பரில் நடுவண் அரசு வகுத்த தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் பத்து விழுக்காட்டுக் குறைவை இலக்காக வைத்தது. புதுவைக்கு அது போதவே போதாது.

தன்னுயிரைப் போக்க முயன்று பிழைத்தவரே மீண்டும் அம்முடிவை நாடும் ஆபத்தில் முதலில் நிற்பவர். அவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரும் உறவினர், காவல்துறை வழக்குக்கு அஞ்சி, வயிற்றுவலி என்று எழுதிக்கொள்ளுமாறு மன்றாடுகின்றனர். உடல் தேறியதும் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகின்றனர். மனத்துக்கான மருத்துவம் தொடங்குவதேயில்லை. அத்தகையவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது, சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. இதை மருத்துவமனை வாயில்தோறும் தமிழில் எழுதிவைக்க என்ன தடை?

பிழைத்தவரைப் பதினெட்டு மாதங்கள் விடாது நலம் விசாரித்தால் உயிரிழப்பு குறைகிறது என, சென்னையும் இடம்பெற்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2008இல் காட்டியது. ஜிப்மரும் அரசுப் பொது மருத்துவமனையும் ஒரே நகரில் இருக்க, இது புதுவைக்கு இயலாத பணியன்று. பொதுத்தேர்வில் தவறிய மாணவர் ஓராண்டு காத்திராமல் உடனே மறுதேர்வு எழுதத் தமிழகம் வழிசெய்ததும் தற்கொலையைத் தடுக்கும் இத்தகைய நடவடிக்கையே.

மதுவைப் பற்றி வாய் திறவாத தடுப்புத் திட்டம் நேர்மையானதாகாது. கலால் வரி புதுவை அரசின் முக்கிய வருவாய். அதில் ஒரு பங்கைக் குடிநோய் மருத்துவத்துக்கும் மனநலப் பணியாளர் ஊதியத்துக்கும் சட்டப்படி ஒதுக்கியாக வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் ஆண்டு இலக்குடன் கூடிய செயல்திட்டத்தை அரசு அடுத்த சட்டப்பேரவைக் கூட்டத்திலேயே முன்வைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத துயரில் இருப்போர், 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அழைக்கும் வலு அவர்களுக்கு இல்லையெனில், உடனிருப்போர் அழைத்துக் கொடுங்கள்.