சென்டர் பேக்கும் சங்கமும்

பந்தாட்டம் பார்க்கும் கூட்டம் யாருக்குக் கை தட்டுகிறது? கோல் போட்டவனுக்கு. மறுநாள் பத்திரிகையில் யார் படம் வருகிறது? கோல் போட்டவன் படம். தொண்ணூறு நிமிஷமும் கோலுக்கு முன்னால் நின்று, எதிரியின் பந்தை நெற்றியாலும் நெஞ்சாலும் தடுத்தானே பின்வரிசைக்காரன், அவனை எப்போது நினைக்கிறார்கள்? அவன் ஒரே ஒரு தடவை தவறும்போது! தறி ஒழுங்காக ஓடும்வரை தொழிலாளியின் பெயர் மானேஜருக்குத் தெரியாது. நூல் அறுந்தால் பெயர் கேட்டுக்கொண்டு வருவார். இங்கும் அதே கதைதான்.

அப்படிப்பட்ட பின்வரிசைக்காரர் ஒருவரைப் பற்றி நமது வாசகர்கள் அறிய வேண்டும். அவர் பெயர் மாயா யோஷிடா. பெயரைக் கேட்டுப் பெண் என்று எண்ணிவிட வேண்டாம். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆண்பிள்ளை. அணுகுண்டு எரித்த நாகசாகி நகரில் 1988-ல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, நகோயா நகரத்துக் கிளப்பின் சிறுவர் அணியில் சேர்ந்தார். டொயோட்டா மோட்டார் கம்பெனியின் அணியாக இருந்து வளர்ந்த கிளப் அது. 1993-ல் தொழில்முறை லீக் ஆட்டங்கள் தொடங்கும்வரை ஜப்பானின் பெரிய அணிகள் பலவும் கம்பெனி அணிகளே.

2010-ல் ஹாலந்தின் வென்லோ கிளப்புக்குப் போனார். 2012-ல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன். 2020-ல் இத்தாலியின் சாம்ப்டோரியா. 2022-ல் ஜெர்மனியில் சுரங்கத் தொழிலாளரின் அணி என்று பேர் பெற்ற ஷால்கே. 2023-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் காலக்ஸி. அந்த அணியின் காப்டனாக 2024 டிசம்பரில் அந்நாட்டு லீக் கோப்பையை வென்றார். ஜப்பானுக்காக மூன்று உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆடினார். 2022 போட்டியில் அவரே காப்டன். பிழைப்புக்காக ஐந்து நாடுகள், நான்கு பாஷைகள்!

“பவுனிலும் டாலரிலும் சம்பளம் வாங்குகிறவர். அவர் கதை நமக்கெதற்கு?” என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த உலகத்தின் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். சௌதாம்ப்டனில் யோஷிடாவோடு பின்வரிசையில் நின்றவர் ஹாலந்துக்காரர் வான் டைக். 2018 ஜனவரியில் அவர் லிவர்பூல் கிளப்புக்குப் போனார். விலை 7 கோடியே 50 லட்சம் பவுன் என்று பத்திரிகைகள் எழுதின. மாட்டுச் சந்தையில் கேட்கும் அதே வார்த்தைகள்: விற்றார்கள், வாங்கினார்கள்! யோஷிடாவே இத்தாலிக்கு முதலில் இரவலாகத்தான் அனுப்பப்பட்டார். அண்டை வீட்டுக்குக் கடப்பாரையை இரவல் கொடுப்பதுபோல் ஆளையே இரவல் கொடுக்கிறார்கள். சம்பளம் எத்தனை பெரிதானாலும், உழைப்பைச் சந்தையில் விற்கும் வாழ்க்கை அது. முழங்கால் போனால் சந்தையும் போயிற்று.

அந்தப் பெரிய சம்பளமாவது முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்ததா? சரித்திரம் வேறு சொல்கிறது. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் காசு கொடுத்து ஆட்டம் பார்த்த காலத்திலும், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கிளப்புகள் கட்டுப்பாடு வைத்திருந்தன. 1907-ல் மாஞ்செஸ்டரில் உருவான ஆட்டக்காரர் சங்கம் வேலை நிறுத்தத்துக்கு நாள் குறித்த பிறகே, 1961 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாடு ஒழிந்தது. பெல்ஜியத்தில் பாஸ்மன் என்ற ஆட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்த பின்னும் தன்னை விடாமல் பணம் கேட்ட கிளப்பின் மேல் வழக்குத் தொடுத்தார். வருஷக்கணக்கில் போராடி 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். பின்னால் வந்தவர்கள் அனுபவிக்கும் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

ஜப்பானிலும் 1996-ல் ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். 2011-ல் அது சட்டப்படி தொழிற்சங்கமாயிற்று. 2022-ல் அதன் தலைவர் பொறுப்பை ஏற்றவர் யார்? மாயா யோஷிடா! தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் உள்ளவர். ஆயினும் நாட்டில் அவரைப்போல் சம்பாதிப்பவர் எத்தனை பேர்? கீழ் டிவிஷன்களில், அடுத்த வருஷம் ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று தெரியாமல் ஆடுகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கும் சேர்த்துத்தான் சங்கம்.

அதே 2022-ல் கத்தாரில் உலகக் கோப்பை நடந்தது. யோஷிடாவின் அணி ஜெர்மனியை வென்றது, ஸ்பெயினை வென்றது. பிறகு குரோஷியாவிடம் பெனால்டி உதையில் தோற்றது. தடுக்கப்பட்ட உதைகளில் ஒன்று யோஷிடாவினுடையது. உலகமே அதைப் பார்த்தது. அந்த மைதானங்களைக் கட்டியவர்களை எத்தனை பேர் பார்த்தார்கள்? நேபாளம், வங்கதேசம், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து கடன் வாங்கிப் போனவர்கள், கொளுத்தும் வெயிலில் இரும்பு தூக்கினார்கள். நம் கிராமங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளைக் கேளுங்கள், அந்த வெயில் எப்படியென்று சொல்வார்கள். புல்தரையில் ஆடியவருக்குச் சங்கம் உண்டு. அந்த மைதானத்தைக் கட்டிய வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சங்கம் வைக்கச் சட்டம் உரிமை தரவில்லை. ஆட்டக்காரனுக்கு நியாயமானது கட்டடத் தொழிலாளிக்கு மட்டும் எப்படிக் குற்றமாகும்? பந்தாட்டத்தை நேசிக்கும் ஒவ்வொருவரும் இதைக் கேட்க வேண்டும்.

பின்வரிசைக்காரனின் தொழிலில் ஒரு பாடம் உண்டு. நாலு பேர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். முன்னேறினால் நால்வரும் ஒன்றாக முன்னேற வேண்டும். அப்போதுதான் எதிரி ஆப்சைடில் மாட்டுவான். ஒருவன் மட்டும் பின்தங்கி நின்றால் வழி திறந்துவிடும், கோல் விழும். மற்ற மூவரும் எத்தனை சூரர்களாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

மில் வாசலிலும் வயல் வரப்பிலும் நிற்கும் நமக்கு இதை ஜப்பான்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. போனஸ் பேச்சுவார்த்தையின்போது ஒருவர் தனியாக மானேஜர் அறைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும், நடவுக் கூலிக்காக ஊரே நிற்கும்போது நாலு பேர் குறைந்த கூலிக்கு இறங்கினால் என்ன நடக்கும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் நாம். கோடி சம்பாதிக்கிறவருக்கே சங்கம் தேவைப்படுகிறது. கூலியை நம்பி அடுப்பு மூட்டுகிறவன் சங்கத்துக்கு வெளியே நிற்கலாமா?

கோடு கலையாமல் நிற்போம், தோழர்களே!