புல் வெட்டும் சத்தத்தில் தேயும் செவிகள்

சிங்கப்பூரில் வீவக புளோக்குகளைச் சுற்றியும் சாலையோரங்களிலும் புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் பழகிப்போன ஒன்று. குடியிருப்பாளருக்கு அது கால் மணி நேரத் தொல்லை. சன்னலைச் சாத்தினால் தீர்ந்தது. இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவருக்கு அது நாள் முழுவதுமான வேலை. தமிழகத்திலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள் பலர் இதில் இருக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. வேலையிட இரைச்சல் தொடர்பான 2011ஆம் ஆண்டு விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை வரம்பாக வைத்துள்ளன. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலுக்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம், 94க்கு ஒரே மணி நேரம். பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம், அதை இயக்குபவரின் காதருகே 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். காதில் பாதுகாப்பு இல்லையென்றால், காலைத் தேநீருக்கு முன்பே அன்றைய அளவு முடிந்துவிடும்.

கை வெட்டுப்பட்டால் ரத்தம் வரும். மேற்பார்வையாளர் ஓடி வருவார். காது அப்படியல்ல. உட்செவியின் நுண்ணிய மயிர் அணுக்கள் வலியில்லாமல் அழிகின்றன, மறுபடி முளைப்பதில்லை. கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும். அதனால் பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவின் நெரிசலில் நின்று ஊருக்குப் பேசும்போது, பிள்ளையின் மெல்லிய குரல்தான் முதலில் நழுவும். தொலைபேசியில் கோளாறு என்று நினைத்தே சிலருக்கு ஆண்டுகள் ஓடிவிடும்.

காது மூடி கொடுத்தாயிற்று என்பதோடு முதலாளிகள் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் வெயிலில் வியர்வை வழிய அதை மாட்டியிருப்பது எளிதல்ல. சக ஊழியர் கூப்பிடுவதும் பின்னால் வரும் வாகனமும் கேட்க வேண்டும் என்று கழற்றுகிறார்கள். 30 டெசிபல் குறைக்கும் காது மூடியை, எட்டு மணி நேரத்தில் இயந்திரம் ஓடும்போது அரை மணி நேரம் மட்டும் கழற்றினாலும், மொத்தப் பாதுகாப்பு சுமார் 12 டெசிபலாகச் சுருங்கிவிடும். ஆகவே சத்தம் குறைந்த மின்கல இயந்திரமும், ஆள் மாற்றி வேலை கொடுப்பதும்தான் முதலில் வர வேண்டும். காது மூடி கடைசித் தடுப்பு மட்டுமே.

மலேசியத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். அங்கும் புல்வெட்டும் இயந்திரங்கள் உண்டு. செம்பனைக் குலை வெட்ட மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய ‘சந்தாஸ்’ கருவியும் சிறு எஞ்சினில் ஓடுவதுதான். 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள மலேசிய விதிமுறைகள், அன்றாட இரைச்சல் 82 டெசிபலைத் தாண்டினாலே அதை மிகை இரைச்சல் என்கின்றன.

சிங்கப்பூரில் வரம்பு மீறிய இரைச்சலில் வேலை செய்வோருக்கு ஆண்டுதோறும் செவிச் சோதனை நடத்த வேண்டும். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டுக்குரிய நோய்; வெளிநாட்டு ஊழியருக்கும் அது பொருந்தும். சிக்கல் எங்கே என்றால், இந்த வேலை ஒரே கூரையின்கீழ் நடப்பதல்ல. இன்று ஒரு பேட்டை, நாளை ஒரு பூங்கா. முதலாளியும் சில ஆண்டுகளில் மாறலாம். பழைய சோதனை முடிவு கையில் இல்லாவிட்டால், செவி எப்போது, யாரிடம் வேலை பார்த்தபோது கெட்டது என்று காட்டுவது கடினம். சோதனை முடிவின் நகலைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது நல்லது. மறுக்கப்பட்டால் மனிதவள அமைச்சையோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ அணுகலாம்.

ஊழியர் விழிப்பாக இருந்தால் மட்டும் போதாது. குத்தகையை ஆகக் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்தால், பழைய பெட்ரோல் இயந்திரங்கள்தான் புல் வெட்ட வரும். எத்தனை டெசிபல் இயந்திரம், ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இயக்கலாம் என்ற இரண்டு வரிகளைக் குத்தகை கொடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். அதற்கான செலவு, கெட்டுப்போன செவிக்குப் பின்னர் கொடுக்கும் எந்த இழப்பீட்டையும்விடப் பயனுள்ளது.